மலையும் மரமும் மனையும்: தேனீயின் மூன்று வாழிடங்கள்

திருக்குர்ஆனின் பதினாறாவது அத்தியாயம் ‘அந்நஹ்ல்’ என்னும் பெயர் தாங்கியது. நஹ்ல் என்றால் தேனீ, தேன் அன்று. தேனைக் குறிக்க அரபியில் ‘அஸல்’ என்ற தனிச்சொல் உண்டு. அச்சொல் 47ஆம் அத்தியாயத்தில், சுவனத்து ஆறுகளை வருணிக்கும் இடத்தில் வருகின்றது. தேனீயைப் பற்றிப் பேசும் 16ஆம் அத்தியாயத்தின் 68, 69ஆம் வசனங்களிலோ அச்சொல் இடம்பெறவில்லை. அங்கே தேன், பல நிறங்களைக் கொண்ட ஒரு பானம் என்ற அளவிலேயே சுட்டப்படுகின்றது. முன்னிலைப்படுத்தி விளிக்கப்படுவது தேனீயே. அதன் வீடும் உணவும் வழியும் முதலில் கூறப்பட்டு, அவற்றின் பின்னரே பானமும் அதிலுள்ள நிவாரணமும் கூறப்படுகின்றன.

இவ்வரிசை நம் சிந்தனைக்குரியது. நம் இல்லங்களில் தேனுக்கு உயர்ந்த மதிப்புண்டு. பிறந்த குழந்தையின் நாவில் தடவுவது முதல் முதியோரின் இருமலுக்குக் கொடுப்பது வரை அதற்கு இடமுண்டு. அரபிக் கல்லூரி வகுப்பில் இவ்வசனங்களைப் பாடமாக நடத்துகையில் மாணவர் எழுப்பும் வினாக்களும் பெரும்பாலும் தேனின் மருத்துவ குணம் பற்றியவையே. அதனைத் தரும் உயிர் எங்கே குடியிருக்கிறது, எதனை உண்கிறது, இன்று எந்நிலையில் உள்ளது என்ற வினா அரிதாகவே எழுகின்றது. முற்காலத்து அறிஞர்களின் நோக்கு இவ்வாறு குறுகியதாக இருக்கவில்லை. 1405இல் மறைந்த எகிப்திய அறிஞர் அத்தமீரீ, ‘ஹயாத்துல் ஹயவான்’ என்ற தம் விலங்கியல் பேரகராதியில் தேனீக்கெனத் தனிப்பகுதி வகுத்தார். 1442இல் மறைந்த வரலாற்றாசிரியர் அல்மக்ரீஸீ தேனீயைப் பற்றித் தனி நூலே இயற்றினார்.

மேற்கண்ட வசனம் தேனீக்கு மூன்று வாழிடங்களைக் குறிப்பிடுகின்றது. மலைகள், மரங்கள், மனிதர் எழுப்பும் அமைப்புகள் என்பன அவை. மூன்றாவதைச் சுட்டும் சொல்லுக்குக் கொடிப்பந்தல் என்றும், கூரை என்றும், மனிதர் அமைத்துத் தரும் கூடு என்றும் விரிவுரையாளர்கள் பொருள் உரைப்பர். நம் தமிழகத்துத் தேனீ இனங்களை நோக்கினால் அவையும் இம்மூன்று இடங்களிலேயே பிரிந்து வாழ்வதைக் காணலாம். இம்மூன்றிலும் இன்று நேர்ந்திருப்பது யாது, அதனைச் சீர்செய்வதில் சாதாரண மக்களாகிய நம் பங்கு யாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எந்தத் தேனீ குறைகின்றது?

தேனீ பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ஒரு கூற்று தவறாமல் எடுத்துரைக்கப்படுகின்றது. தேனீக்கள் மறைந்தால் மனித இனம் நான்கு ஆண்டுகளில் அழிந்துவிடும் என்று விஞ்ஞானி ஐன்ஸ்டீன் சொன்னார் என்பதே அது. எந்தச் செய்தியையும் அறிவிப்பாளர் தொடரைக் கேட்ட பின்னரே ஏற்க வேண்டும் என்பது ஹதீஸ் கலை நமக்குக் கற்பித்த ஒழுக்கம். அந்த அளவுகோலில் இக்கூற்று நிற்பதில்லை. ஐன்ஸ்டீன் இவ்வாறு எழுதியதற்கோ பேசியதற்கோ சான்று இல்லை. அவர் மறைந்தது 1955இல். இக்கூற்றோ பல பத்தாண்டுகள் கழித்தே பரவலாயிற்று.

கூற்றின் உள்ளடக்கமும் துல்லியமானதன்று. நெல், கோதுமை, சோளம் ஆகிய தானியங்களின் பூக்கள் காற்றாலோ தமக்குள்ளேயோ மகரந்தச் சேர்க்கை பெறுபவை. தேனீ இல்லாவிடினும் சோறு இருக்கும். ஆனால் அந்தச் சோற்றோடு உண்ணும் பலவும் அருகிப் போகும். பூசணி, பாகல், சுரை, பீர்க்கு, வெள்ளரி ஆகிய கொடிகளில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே மலர்கின்றன. ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவில் சேர்க்க ஒரு பூச்சி வந்தே ஆக வேண்டும். சூரியகாந்தி, ஏலம் ஆகியவற்றின் விளைச்சலும், வெங்காயத்தின் விதை உற்பத்தியும் தேனீக்களை வெகுவாகச் சார்ந்தவை. பல்லுயிர்ப் பெருக்கம் குறித்த பன்னாட்டு அரசுகளின் அறிவியல் மன்றம் 2016இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகின் முக்கிய உணவுப் பயிர் வகைகளில் சுமார் 75 விழுக்காடு, ஓரளவேனும் பூச்சி முதலிய உயிர்களின் மகரந்தச் சேர்க்கையைச் சார்ந்துள்ளன என்பது அதன் கணிப்பு. விளைச்சலின் எடையைக் கணக்கிட்டால் இது சுமார் 35 விழுக்காடு. அச்சத்தை ஊட்ட மிகைக் கூற்று தேவையில்லை, உண்மையே போதுமானது.

மற்றொரு தெளிவும் தேவை. 2006ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் ஒரு விந்தையான நிகழ்வு கவனத்துக்கு வந்தது. கூட்டில் ராணியும் புழுக்களும் தேனும் இருக்க, வேலைக்காரத் தேனீக்கள் மட்டும் கூட்டங்கூட்டமாகக் காணாமற்போயின. இறந்த உடல்களும் கிட்டவில்லை. இதனைக் ‘கூட்டச் சிதைவு’ என்று அழைத்தனர். தனியொரு காரணத்தால் அன்றி, ஒட்டுண்ணி, நச்சுயிரி, பூச்சிக்கொல்லி, உணவுப் பற்றாக்குறை ஆகியவை ஒன்றுசேர்ந்தே இந்நிலையை உண்டாக்கின என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. 2024-25 குளிர்காலத்திலும் அந்நாட்டின் வணிகத் தேனீ வளர்ப்போர் சராசரியாகத் தம் கூட்டங்களில் 60 விழுக்காட்டுக்கும் மேல் இழந்ததாக ஆய்வுக் கணக்கெடுப்பில் தெரிவித்தனர்.

இத்தனை இழப்பிருந்தும் உலகில் பெட்டிகளில் வளர்க்கப்படும் தேனீக் கூட்டங்களின் மொத்த எண்ணிக்கை கடந்த அரை நூற்றாண்டில் குறையவில்லை, கூடியே உள்ளது. இழந்த கூட்டங்களுக்கு ஈடாக வளர்ப்போர் புதியவற்றைப் பிரித்து உருவாக்கிக் கொள்கின்றனர். உரிமையாளர் உள்ள தேனீக்கு இத்தகைய பாதுகாப்பு உண்டு. பாறையிலும் மரப்பொந்திலும் சுவரிடுக்கிலும் வாழும் தேனீக்கோ உரிமையாளர் இல்லை. அதன் இழப்பைக் கணக்கெடுப்பாரும் இல்லை, ஈடு செய்வாரும் இல்லை. இந்தத் தேனீயின் நிலையே நம் கவலைக்குரியது; நம் கையால் உதவக் கூடியதும் இந்தத் தேனீக்கே.

முதல் வாழிடம்: மலை

தமிழகத்தில் தேன் தரும் தேனீக்கள் ஐந்து. மலைத்தேனீ, கொம்புத்தேனீ, அடுக்குத்தேனீ, கொடுக்கில்லாத கொசுத்தேனீ ஆகிய நான்கும் இம்மண்ணுக்குரியவை. ஐந்தாவதான இத்தாலியத் தேனீ வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டது.

இவற்றுள் மலைத்தேனீ உருவில் பெரியது. செங்குத்தான பாறைகளின் அடியிலும், உயர்ந்த மரங்களின் கிளைகளிலும், அகலமான ஒற்றை அடையைத் திறந்தவெளியில் தொங்கவிடும். இதனைப் பெட்டியில் அடைத்து வளர்க்க இயலாது. பருவத்துக்கேற்ப மலைக்கும் சமவெளிக்குமாக இடம்பெயரும். நீலகிரியில் குறும்பர் முதலிய பழங்குடியினர் கொடிகளால் பின்னிய கயிற்றேணியில் தொங்கிப் பாறைத்தேன் எடுப்பதைத் தலைமுறைகளாகத் தொழிலாகவும் மரபாகவும் கொண்டுள்ளனர்.

அடையின் மேற்பகுதியில் தேன் இருக்கும். கீழ்ப்பகுதியில் முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் இருக்கும். தேன் பகுதியை மட்டும் அறுத்தெடுத்துப் புழுப்பகுதியை விட்டுவைத்தால் கூட்டம் பிழைக்கும். அடையை முழுவதுமாக வெட்டிப் பிழிந்தால் அடுத்த தலைமுறை அழியும். தேனிலும் புழுச்சாறு கலந்து விரைவில் புளிக்கும். கோத்தகிரியைத் தலைமையிடமாகக் கொண்ட கீஸ்டோன் அறக்கட்டளை, தேன் எடுக்கும் பழங்குடியினரோடு இணைந்து, கூட்டைக் காக்கும் எடுப்பு முறைகளை நெடுங்காலமாக ஊக்குவித்து வருகின்றது.

மலைக்குப் போகாத நமக்கு இதில் என்ன பங்கு எனக் கேட்கலாம். வாங்குவோரின் விருப்பமே எடுப்போரின் முறையைத் தீர்மானிக்கின்றது. சாலையோரத்தில் வாளியில் புழுவோடு கிடக்கும் அடையைக் காட்டி, கண்ணெதிரே பிழிந்து தரும் தேனே கலப்பற்றது என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. அந்த அடை ஒரு குடியிருப்பின் அழிவுக்குச் சான்றேயன்றித் தேனின் தூய்மைக்குச் சான்றன்று. தேன் எடுக்கும் முறையை விசாரித்து வாங்குவது, நுகர்வோர் மலைத்தேனீக்குச் செய்யக் கூடிய முதல் உதவி.

இரண்டாம் வாழிடம்: மரம்

கொம்புத்தேனீ சிறியது. புதரின் கிளையிலோ வேலியிலோ உள்ளங்கை அளவான ஒற்றை அடை கட்டும். அடுக்குத்தேனீயோ மரப்பொந்து, பாறையிடுக்கு, கறையான் புற்று ஆகிய இருண்ட இடங்களில் பல அடைகளை அடுக்கடுக்காகக் கட்டும். பெயருக்கும் அதுவே காரணம்.

இவ்விரண்டுக்கும் மரம் என்பது இரு வகையில் தேவை. ஒன்று, குடியிருக்க இடம். மற்றொன்று, ஆண்டு முழுவதும் உணவு. பொந்துள்ள பழைய மரம் ‘பட்டமரம்’ என்று முதலில் வெட்டப்படுகின்றது. அதன் இடத்தில் நடப்படும் இளமரத்தில் பொந்து உண்டாகப் பல பத்தாண்டுகள் ஆகும். சாலை விரிவாக்கத்தில் புளியும் நாவலும் வேம்பும் வீழ்ந்தபோது நிழலை இழந்ததாக மக்கள் வருந்தினர். அம்மரங்களின் பூக்காலத்தை நம்பியிருந்த தேனீக் கூட்டங்கள் இழந்ததை எவரும் எண்ணவில்லை.

தேனீக்குப் பசிக்காலம் உண்டு என்பதை நாம் அறிய வேண்டும். ஒரே பயிர் நூற்றுக்கணக்கான ஏக்கரில் விளையும் ஊரில், அது பூக்கும் சில வாரங்கள் விருந்தாகவும் எஞ்சிய மாதங்கள் பஞ்சமாகவும் இருக்கும். அப்பஞ்சத்தைப் போக்குபவை வரப்பிலும் சாலையோரத்திலும் தானே முளைக்கும் தும்பை, வெட்டுக்காயப் பூண்டு, துளசி போன்ற எளிய செடிகள். அவற்றைக் களை என்று கருதிக் களைக்கொல்லி தெளித்து மண்ணை மொட்டையடிப்பது இன்று சுத்தம் எனக் கருதப்படுகின்றது. அது தேனீயின் உணவுப் பண்டகசாலையை மூடுவதற்கு ஒப்பாகும்.

இவ்விடத்தில் நம் சமுதாயத்துக்குரிய ஒரு வாய்ப்பைச் சுட்ட விரும்புகின்றோம். ஏறக்குறைய ஒவ்வொரு ஜமாஅத்துக்கும் ஓர் அடக்கத்தலம் உண்டு. நகரங்களில் கூட அவை ஓரளவு பரந்த, கட்டடம் எழாத நிலங்கள். மையித்தைக் குளிப்பாட்டும் நீரில் இலந்தை இலையைக் கலப்பது நம் வழக்கம். அந்த இலந்தையின் இனத்தைச் சேர்ந்த ‘ஸித்ர்’ மரத்தின் பூவிலிருந்து கிடைப்பதே யமன் நாட்டின் புகழ்பெற்ற ஸித்ர் தேன். நம் ஊர் இலந்தையின் சிறிய பூக்களையும் தேனீக்கள் விரும்பி நாடுகின்றன. அடக்கத்தலத்தின் ஓரங்களில் இலந்தை, புங்கை, நாவல், வேம்பு, முருங்கை ஆகியவற்றை நட்டு, ஆண்டுக்கொரு முறை களைக்கொல்லி தெளிக்கும் வழக்கத்தை விட்டு, தேவையான பாதைகளை மட்டும் கையால் செதுக்கி வைத்தால், அவ்வூர்த் தேனீக்களுக்கு அது புகலிடமாகும். ஒருவர் நட்ட மரத்திலிருந்து பறவையோ மனிதரோ விலங்கோ உண்பது அவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்னும் கருத்துள்ள நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது. பூவில் உண்ணும் தேனீயும் அந்தப் பந்தியில் அமர்ந்ததே.

மூன்றாம் வாழிடம்: மனை

மனிதர் அமைத்துத் தரும் கூட்டில் தேனீ வளர்த்த வரலாறு தமிழகத்தில் சிறப்பானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சிப் பகுதியில் பணியாற்றிய நியூட்டன் பாதிரியார், நம் அடுக்குத்தேனீயின் உடலளவுக்கேற்பச் சிறியதொரு மரப்பெட்டியை வடிவமைத்தார். அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. அமைப்பின் சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய கிராமப் புனரமைப்பு மையம் தேனீ வளர்ப்பை எளியோரின் துணைத்தொழிலாக்கியது. குமரி மாவட்டத்தில் ரப்பர் மரங்கள் மிகுதி. ஆண்டுத் தொடக்கத்தில் அவை துளிர்விடும்போது இலைக்காம்பிலுள்ள சுரப்பிகள் இனிய நீரைச் சுரக்கும். பூவிலிருந்தன்றி இலையிலிருந்து கிடைக்கும் அவ்வினிப்பே அப்பகுதித் தேனின் பெரும்பகுதிக்கு மூலம். மார்த்தாண்டம் தேன் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது.

இடையில் ஒரு பேரிடர் நேர்ந்தது. தாய்லாந்தில் முதலில் இனங்காணப்பட்டதால் ‘தாய் சாக்புரூட்’ என்று அழைக்கப்படும் நச்சுயிரி நோய் 1991, 1992ஆம் ஆண்டுகளில் தென்னிந்தியாவில் பரவியது. இது தேனீயின் புழுப்பருவத்தைத் தாக்குவது. புழு வளர்ந்து கூட்டுப்புழுவாக மாற இயலாமல், நீர் நிறைந்த பை போலாகி அறையிலேயே மடியும். புதிய தலைமுறை பிறவாமையால் கூட்டம் நாளுக்கு நாள் மெலிந்து, இறுதியில் கூட்டை விட்டு ஓடிவிடும். கேரளம், தமிழகம், கர்நாடகம் ஆகிய பகுதிகளில் பெட்டிகளில் இருந்த அடுக்குத்தேனீக் கூட்டங்களுள் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை அழிந்தன. காலிப் பெட்டிகள் வீடுகளின் கொல்லையில் அடுக்கப்பட்டன. அதன் பின்னரே இத்தாலியத் தேனீ இப்பகுதிக்குப் பெருமளவில் கொண்டுவரப்பட்டது.

இந்நோய்க்கு மருந்து கண்டறியப்படவில்லை. ஆயினும் அடுக்குத்தேனீ அற்றுப் போகவில்லை. நோய்க்குத் தாக்குப்பிடித்த சில கூட்டங்கள் எஞ்சின. வளர்ப்போர் அவற்றிலிருந்து மீண்டும் கூட்டங்களைப் பிரித்துப் பெருக்கினர். காட்டிலும் பொந்திலும் சுதந்திரமாக வாழ்ந்த கூட்டங்களும் இந்த மீட்சிக்கு வித்தாக இருந்தன. பெட்டித் தேனீயைக் காக்கும் சேமிப்பு, பெட்டிக்கு வெளியிலேயே உள்ளது என்ற உண்மை இதிலிருந்து விளங்கும்.

இதற்கு எதிர்மறையான நிகழ்வொன்றும் உண்டு. ‘வரோவா’ என்னும் உண்ணி ஆசியாவின் அடுக்குத்தேனீயில் நெடுங்காலம் ஒட்டி வாழ்ந்தது. நம் தேனீ அதனைத் தன் உடலிலிருந்து தட்டிக் களையும் திறனால் பெரும் சேதமின்றித் தப்பியது. மேலைத் தேனீயை ஆசியாவுக்குக் கொண்டுவந்து அருகருகே வளர்த்தபோது உண்ணி அதற்குத் தாவியது. பின்னர் வணிகத்தின் வழியே உலகெங்கும் பரவியது. 1987இல் அமெரிக்காவிலும், நெடுங்காலம் தப்பியிருந்த ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் 2022இலும் கண்டறியப்பட்டது. ஒரு தேனீக்குத் தொல்லையாக மட்டும் இருந்தது மற்றொன்றுக்குக் கொல்லியாயிற்று. ஆகவே, தேனீயைக் காக்கும் ஆர்வத்தில் எங்கிருந்தோ ஒரு பெட்டியை வாங்கிவந்து மாடியில் வைப்பது உதவியாகாது. முறையான பயிற்சியின்றி வைக்கும் பெட்டி நோயின் நிலைக்களமாகலாம்; சுற்றுப்புறத்திலுள்ள குறைந்த பூக்களுக்குப் போட்டியாகவும் அமையலாம். வளர்க்க விரும்புவோர் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி பெற்று, உள்ளூர்க் கூட்டத்திலிருந்து தொடங்குவதே முறை.

மனை என்பதில் பெட்டி மட்டுமன்று, நம் கட்டடங்களும் அடங்கும். உயர்ந்த மரங்கள் குறைந்த நகரங்களில் மலைத்தேனீ நீர்த்தொட்டிகளிலும் பாலங்களிலும் அடுக்குமாடிகளிலும் பள்ளிவாசல் மினாராக்களிலும் அடை கட்டுகின்றது. கண்டவுடன் இரவோடிரவாகத் தீப்பந்தம் பிடித்தோ மருந்து பீய்ச்சியோ கூட்டத்தை ஒழிப்பது வழக்கமாகிவிட்டது. எறும்பு, தேனீ, ஹுத்ஹுத் எனும் கொண்டலாத்தி, ஸுரத் எனும் கீச்சான் ஆகிய நான்கையும் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதிலும் இப்னு மாஜாவிலும் பதிவாகியுள்ளது. தவிர்க்க இயலாத தீங்கை அகற்றுவது வேறு. அவசரத்தால் ஒரு குடியிருப்பையே எரிப்பது வேறு.

மலைத்தேனீ ஓரிடத்தில் நிலையாகத் தங்குவதில்லை. சில மாதங்களில் பூக்காலம் முடிந்ததும் தானே அகன்றுவிடும். மக்களுக்கு எட்டாத உயரத்தில் இருப்பின் அதுவரை பொறுத்திருப்பதே தக்கது. கல்லெறிதல், புகை, பட்டாசு ஆகியவற்றைத் தடுக்க வேண்டும். இரவில் அதனருகே பெருவிளக்கு எரிவதையும் தவிர்க்க வேண்டும். ஒளி அதனைக் கலைத்து ஈர்க்கும். அடி வாசலில் எச்சரிக்கைப் பலகை வைக்கலாம். பள்ளிக்கூடம், மருத்துவமனை போன்ற இடங்களில் அகற்றியே ஆக வேண்டுமெனில், கொல்லாமல் கலைத்து அனுப்பத் தெரிந்த அனுபவசாலிகளை நாட வேண்டும். சுவரின் சிறு துளையில் பிசினால் குழல்வாயில் அமைத்து வாழும் கொசுத்தேனீயோ கொட்டுவதே இல்லை. வெள்ளையடிக்கும் போது அத்துளையைச் சிமெண்டால் பூசி அடைக்காமல் விட்டாலே போதும்.

வயலிலும் கடையிலும்

வாழிடத்துக்கு அடுத்து வசனம் சொல்லும் செய்தி, தேனீ செல்லும் வழி. இரை தேடிச் சென்ற தேனீ கூடு திரும்பி, அடையின் மீது ஆடும் ஆட்டத்தால் பூ உள்ள திசையையும் தொலைவையும் மற்றவற்றுக்கு அறிவிக்கின்றது. இதனைக் கண்டறிந்த ஆஸ்திரிய அறிஞர் கார்ல் வான் ஃபிரிஷ் 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். இவ்வளவு நுட்பமான வழியறிவைக் குலைப்பவை சில பூச்சிக்கொல்லிகள். இமிடாகுளோபிரிட் முதலிய நியோநிக்கோட்டினாய்டு வகை மருந்துகள் செடியின் சாற்றில் கலந்து மகரந்தத்திலும் தேனிலும் ஏறுகின்றன. உடனே கொல்லாத சிறிய அளவிலும் அவை தேனீயின் நினைவையும் திசையறிவையும் மழுக்குவதால், வெளியே சென்ற தேனீ வீடு திரும்பாமற் போகின்றது. ஐரோப்பிய ஒன்றியம் இவ்வகையில் மூன்று மருந்துகளுக்கு 2013இல் கட்டுப்பாடு விதித்து, 2018இல் திறந்தவெளி வயல்களில் அவற்றை முற்றிலும் தடை செய்தது.

மருந்தே கூடாது என்று ஏழை விவசாயியிடம் உபதேசிப்பது எளிது, அது நியாயமாகாது. ஆனால் நேரத்தை மாற்றுவதற்குச் செலவில்லை. பூசணிப் பூ விடியலில் மலர்ந்து முற்பகலுக்குள் குவிந்துவிடும். தேனீக்கள் வயலில் திரள்வதும் அவ்வேளையிலேயே. காலையில் மருந்தடிப்பவர் தம் காய்க்கு வழிசெய்ய வந்த கூலியில்லா வேலையாளையே கொல்கிறார். பூக்கும் பருவத்தில் மருந்தைத் தவிர்த்தும், இயலாதபோது பொழுது சாய்ந்த பின்னர் அடித்தும், முதற்கட்டத் தாக்குதலுக்கு வேப்பங்கொட்டைச் சாற்றைப் பயன்படுத்தியும் இழப்பைப் பெரிதும் குறைக்கலாம். வீட்டுத் தோட்டத்தில் மருந்தடிப்போர்க்கும் இது பொருந்தும்.

வயலைப் போன்றே தேநீர்க் கடையும் கொலைக்களமாவதை மதுரையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். 2011இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வெளியான அவர்களது ஆய்வின்படி, ஐந்து காப்பிக் கடைகளில் எறியப்பட்ட காகிதக் குவளைகளில் 30 நாட்களில் 25,211 தேனீக்கள் மாண்டு கிடந்தன. ஒரு கடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 168 என்று கணக்காகின்றது. குவளையின் அடியில் எஞ்சிய சர்க்கரையை நாடி வந்த தேனீ அதிலேயே சிக்கி மடிகின்றது. பூக்கள் குறைந்த ஊரில் குப்பைத்தொட்டியே அதற்குப் பூந்தோட்டமாகிவிட்டது. பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் குவளைகள் தமிழகத்தில் 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து தடை செய்யப்பட்டவை. எனினும் அவை புழக்கத்திலிருந்து நீங்கியபாடில்லை. நம் திருமண விருந்துகளிலும், ரமளானில் நோன்பு திறக்கும் பந்திகளிலும் சர்பத்தும் தேநீரும் இக்குவளைகளிலேயே வழங்கப்படுகின்றன. மறுநாள் காலை அக்குப்பையைச் சென்று பார்ப்பவருக்கு மேற்கண்ட எண்ணிக்கை வியப்பளிக்காது.

நம் கையில் உள்ளவை

இதுவரை கூறியவற்றிலிருந்து நாம் செய்யத்தக்கவற்றைத் தொகுத்துக் கொள்வோம்.

வீட்டில்: தொட்டியில் துளசி, கொத்தமல்லி போன்றவற்றை வளர்ப்போர் சிலவற்றையேனும் பறித்துத் தீர்க்காமல் பூக்க விடலாம். அழகுக்காக வைக்கும் அடுக்கிதழ்ப் பூக்கள் பலவற்றில் மகரந்தமும் தேனும் கிட்டுவதில்லை. ஒற்றையிதழ் நாட்டுப்பூக்களே பயன் தருபவை. கோடையில் ஆழமற்ற தட்டில் நீர் ஊற்றி, தேனீ அமர்ந்து பருகக் கூழாங்கற்களை இட்டு வைக்கலாம். நீரை நாள்தோறும் மாற்ற வேண்டும்.

கடையில்: தேநீரைக் கண்ணாடிக் குவளையிலோ எவர்சில்வர் தம்ளரிலோ கேட்டு வாங்கலாம். கடைக்காரர் எச்சில் குவளைகளை மூடியுள்ள தொட்டியில் இட்டாலே பல்லாயிரம் உயிர்கள் பிழைக்கும். தேன் வாங்குகையில் மலிவை மட்டும் நோக்கலாகாது. 2020இல் டெல்லியின் அறிவியல், சுற்றுச்சூழல் மையம் 13 வணிகப் பெயர்களில் விற்ற தேனைச் சோதித்தபோது, எல்லாச் சோதனைகளிலும் தேறியவை 3 மட்டுமே. சர்க்கரைப் பாகு தேனென்று விற்கப்படும் சந்தையில் நேர்மையாகத் தேனீ வளர்ப்பவர் நிலைக்க இயலாது. அறிமுகமான உள்ளூர் வளர்ப்போரிடம் உரிய விலை கொடுத்து வாங்குவது அவர்க்கும் அவர் தேனீக்கும் ஆதரவு.

ஊரில்: பள்ளிவாசல், மத்ரஸா, அடக்கத்தலம் ஆகியவற்றின் நிர்வாகிகள் இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றலாம். களைக்கொல்லி தெளிப்பதில்லை என்பது ஒன்று. தேனடையை எரிப்பதில்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் நன்கொடை திரட்டத் தேவையில்லை.

ஒரு வேலைக்காரத் தேனீ சுறுசுறுப்பான பருவத்தில் ஏறத்தாழ ஆறு வாரமே உயிர் வாழ்கின்றது. அதன் வாழ்நாள் உழைப்பில் சேரும் தேன் ஒரு தேக்கரண்டியைக் கூட நிரப்பாது. ஆயினும் பல்லாயிரம் தேனீக்களின் அந்தச் சிறு பங்குகள் சேர்ந்தே அடை நிறைகின்றது. தேனீயின் அழிவுக்கும் இதுவே விதியாக உள்ளது. ஒரு குவளை, ஒரு தெளிப்பு, ஒரு தீப்பந்தம், ஒரு பட்டமரம் எனச் சிறு செயல்கள் சேர்ந்தே இந்நிலை உருவாயிற்று. ஆகவே அதனை மாற்றுவதும் சிறு செயல்களால் இயலும். நல்லதை உண்டு, நல்லதைத் தந்து, அமர்ந்த இடத்தை முறிக்காமலும் கெடுக்காமலும் செல்லும் தேனீக்கு இறைநம்பிக்கையாளரை உவமித்த நபிமொழி ‘முஸ்னத் அஹ்மத்’ தொகுப்பில் உண்டு. உவமையைப் போற்றும் நாம், உவமையாக வந்த உயிரின் மலையையும் மரத்தையும் மனையையும் முறிக்காமல் விட்டுவைப்பதே அதற்குச் செய்யும் குறைந்தபட்ச நன்றியாகும்.